ஆறும் அதிகாரமும் – 7: கம்பி யார் கையில்?

புதிதாகச் சேர்ந்தவர்களுக்காக, இதுவரை நடந்தது சுருக்கமாக.

முதல் உலகப் போரின்போது வெடிமருந்துக்கு நைட்ரேட் வேண்டியிருந்தது. அதற்காக அலபாமா மாநிலத்தின் மசில் ஷோல்ஸில் டென்னசி ஆற்றை மறித்து அமெரிக்க அரசு வில்சன் அணையைக் கட்டத் தொடங்கியது. அணை எழும்புவதற்குள் போரே முடிந்துவிட்டது. நூறாண்டுக் குத்தகைக்குக் கொடுங்கள் என்று ஹென்றி ஃபோர்டு வந்தார். நெப்ராஸ்கா செனட்டர் ஜார்ஜ் நோரிஸ் விடவில்லை. அணை அரசிடமே இருக்க வேண்டும் என்று அவர் கொண்டுவந்த மசோதாவை 1928-ல் ஜனாதிபதி கூலிட்ஜ் கையெழுத்திடாமல் கிடப்பில் போட்டார். 1931-ல் வந்த அடுத்த மசோதாவை ஹூவர் திருப்பி அனுப்பினார். மூன்றாவது ஆள் ரூஸ்வெல்ட். 1933 மே 18 அன்று அவர் கையெழுத்துப் போட்டார். டென்னசி பள்ளத்தாக்கு ஆணையம், சுருக்கமாக டி.வி.ஏ., பிறந்தது.

ஏழு மாநிலங்களில் தண்ணீர் திரட்டி ஓடும் ஓர் ஆற்றை, மாநில எல்லைகளைப் பார்க்காமல் ஒரே ஆணையத்தின் கையில் கொடுத்தது அந்தச் சட்டம். வெள்ளம், படகுப் போக்குவரத்து, மண் அரிப்பு, உரம், மின்சாரம் எல்லாமே அதன் பொறுப்பு.

கேட்க அழகாக இருக்கிறது. ஆனால் வில்சன் அணையிலிருந்து வீட்டுக்குப் போகும் கம்பி யாருடையது?

*

இந்தக் கேள்வியின் கனம் புரிய, வில்சன் அணையின் விற்பனைக் கணக்கைப் பார்க்க வேண்டும்.

அணை மக்கள் பணத்தில் கட்டியது, ஏறக்குறைய 4.7 கோடி டாலர். 1925 முதல் அங்கே மின்சாரம் உற்பத்தியானது. அதை வாங்க வந்தது ஒரே ஒரு வாடிக்கையாளர், அலபாமா பவர் கம்பெனி. அணை வரைக்கும் நீண்டிருந்த கம்பி அந்தக் கம்பெனியுடையது. வேறு யாருக்கு விற்பது? எப்படிக் கொண்டுபோவது? ஆகவே யூனிட்டுக்கு இரண்டு மில், அதாவது ஒரு சென்ட்டில் ஐந்தில் ஒரு பங்கு என்ற விலைக்கு அரசு விற்றது. அதே காலத்தில் நாட்டின் வீடுகள் யூனிட்டுக்குச் சராசரியாக ஐந்தரை சென்ட் கொடுத்துக்கொண்டிருந்தன.

டென்னசி பள்ளத்தாக்கின் பண்ணைகளில் நூற்றுக்கு மூன்றில்தான் மின்விளக்கு எரிந்தது. மற்றவர்களுக்கு மண்ணெண்ணெய். கிராமத்துக்கு லைன் இழுத்தால் கட்டுப்படியாகாது என்பது கம்பெனிகளின் பதில். நூல் பிடித்தாற்போல் எல்லாக் கம்பெனிகளும் இதையே சொல்லின.

ரூஸ்வெல்ட்டுக்கு இது புத்தகத்தில் படித்த விஷயம் அல்ல. இளம்பிள்ளை வாதத்துக்கு வெந்நீர் ஊற்றுச் சிகிச்சைக்காக ஜார்ஜியாவின் வார்ம் ஸ்பிரிங்ஸில் ஒரு சிறு வீடு வைத்திருந்தார். முதல் மாத கரண்ட் பில் வந்தது: யூனிட்டுக்கு 18 சென்ட். நியூயார்க்கில் ஹைட் பார்க் வீட்டுக்குக் கொடுப்பதைப்போல நான்கு மடங்கு. தன் மின்சாரக் கவலை அந்தச் சீட்டில் தொடங்கியதாகப் பின்னாளில் அவரே மேடையில் சொன்னார். ஜனாதிபதியாகப் போகிறவர் வீட்டு பில்லில் கைவைத்தது அந்தக் கம்பெனியின் கெட்ட நேரம்.

*

ஆணையத்தை நடத்த மூன்று இயக்குநர்கள். மூவரும் மூன்று திசை.

தலைவர் ஆர்தர் மார்கன். 1913 வெள்ளத்துக்குப் பின் ஒஹாயோவின் மியாமிப் பள்ளத்தாக்கில் வெள்ளத் தடுப்பு அணைகளைத் திட்டமிட்ட பொறியாளர். பிறகு ஆண்டியாக் கல்லூரியின் தலைவர். ஆற்றைத் திருத்துவதோடு ஆற்றங்கரை மனிதர்களையும் திருத்திவிடலாம் என்று நம்பியவர். மின்சாரம் அவர் கனவில் ஒரு சிறு பகுதி மட்டுமே.

இரண்டாமவர் ஹார்கோர்ட் மார்கன். பெயர்தான் ஒன்று, உறவு கிடையாது. டென்னசி பல்கலைக்கழகத் தலைவர், பூச்சியியல் அறிஞர். விவசாயிகளின் நாடித்துடிப்பு அவருக்குத் தெரியும்.

மூன்றாமவர் டேவிட் லிலியென்தால். வயது 33. ஹார்வர்டு சட்டப் படிப்பு. விஸ்கான்சின் மாநிலத்தில் மின்சார, தொலைபேசிக் கம்பெனிகளின் கட்டணங்களைக் கிழித்துப் பார்த்த ஒழுங்குமுறை ஆணையத்தில் இருந்தவர்.

ஆர்தர் மார்கனின் யோசனை: கம்பெனிகளோடு ஏன் சண்டை? பகுதி பிரித்துக்கொள்வோம். ஒரு சின்ன வட்டாரத்தில் நாம் நியாயமாக நடத்திக் காட்டினால் அவர்களும் கற்றுக்கொள்வார்கள்.

லிலியென்தால் இதைக் கேட்டுச் சூடானார். விஸ்கான்சினில் கம்பெனிகளின் வக்கீல்களை நேருக்கு நேர் பார்த்தவர் அவர். கை குலுக்கி முடிவதற்குள் மோதிரம் போய்விடும் என்று அவருக்குத் தெரியும்.

1933 ஆகஸ்டில் பணிகளைப் பங்கு பிரித்தார்கள். அணையும் கட்டுமானமும் ஆர்தர் மார்கனுக்கு. உரமும் விவசாயமும் ஹார்கோர்ட்டுக்கு. மின்சாரம் லிலியென்தாலுக்கு. தலைவருக்கு இதில் மனமில்லை. மற்ற இருவரும் ஒன்றாக நின்றார்கள். ஒன்றுக்கு இரண்டு. இந்தக் கணக்கை நினைவில் வைத்திருங்கள். திரும்ப வரும்.

*

1933 அக்டோபர். வாஷிங்டன் நகரின் காஸ்மாஸ் கிளப்பில் மதியச் சாப்பாட்டு மேசை.

ஒரு பக்கம் லிலியென்தால். எதிரே பெருத்த உடம்பு, கசங்கிய சட்டை, கலைந்த முடியோடு வெண்டல் வில்கி. காமன்வெல்த் அண்டு சதர்ன் என்ற மின்சாரக் குழுமத்தின் தலைவர். அலபாமா பவர், ஜார்ஜியா பவர், மிசிசிப்பி பவர், டென்னசி எலெக்ட்ரிக் பவர் எல்லாம் அதன் பிள்ளைகள். அந்த நாற்காலியில் உட்கார்ந்து ஓராண்டுகூட ஆகவில்லை.

வில்கியை வில்லனாக வரைவது சுலபம். பல புத்தகங்கள் அப்படித்தான் வரைந்திருக்கின்றன. எனக்கு அதில் உடன்பாடில்லை. கம்பெனிகளுக்கு மேல் கம்பெனி அடுக்கிப் பங்குக் காகிதத்தில் கோபுரம் கட்டிய சாமுவேல் இன்சல் வகை ஆள் அல்ல அவர். இன்சலின் கோபுரம் 1932-ல் சரிந்து, அவர் கிரீஸுக்கே ஓடிப்போனார். வில்கி இண்டியானாவின் சிற்றூர்க்காரர், வக்கீல், 1932 தேர்தலில் ரூஸ்வெல்ட்டுக்கே வாக்களித்த ஜனநாயகக் கட்சிக்காரர். பேச உட்கார்ந்தால் எதிராளியே தலையாட்டிவிடுவான் என்று பெயர்.

அவர் வைத்த யோசனை எளிது. உங்கள் அணைகளின் மின்சாரம் முழுவதையும் நாங்களே வாங்கிக்கொள்கிறோம். விற்கும் தலைவலி உங்களுக்கு எதற்கு? காங்கிரஸ் அடுத்த ஆண்டும் உங்களுக்குப் பணம் ஒதுக்கும் என்று என்ன நிச்சயம்?

சொன்னதில் உண்மை இருந்தது. டி.வி.ஏ. கையில் அப்போது மின்சாரம் தரும் அணை ஒன்றே ஒன்று. ஒரு கம்பம்கூடச் சொந்தமில்லை. வருமானம் வருவது அலபாமா பவர் ஒப்பந்தத்தில். அதுவும் புத்தாண்டோடு முடியப் போகிறது. வில்கி வாங்க மாட்டேன் என்று எழுந்து போனால் வில்சன் அணையின் மின்சாரத்தை வைத்து என்ன செய்வது?

லிலியென்தால் கலங்கித்தான் வெளியே வந்தார். ஆனால் தலையாட்டவில்லை. அவரிடமும் ஒரு துருப்பு இருந்தது. சட்டத்தில் நோரிஸ் செருகி வைத்த ஒரு பிரிவு: மின்சாரம் விற்கும்போது மாநிலங்கள், நகராட்சிகள், கூட்டுறவுகள் ஆகியோருக்கே முன்னுரிமை. நகரங்கள் சொந்தமாகக் கம்பி இழுக்க விரும்பினால் பொதுப்பணி நிர்வாகத்தின் தலைவர் ஹெரால்ட் இக்கீஸிடம் கடனும் மானியமும் இருந்தன. கம்பெனியின் கம்பிக்குப் பக்கத்திலேயே நகராட்சியின் கம்பி. வில்கியைத் தூங்கவிடாத காட்சி அது.

நகரங்கள் வாக்களிக்கத் தொடங்கின. அக்டோபரில் பர்மிங்காம், வேண்டாம் என்றது. நவம்பரில் நாக்ஸ்வில், வேண்டும் என்றது.

*

1934 ஜனவரி 4. இரண்டு பக்கமும் கையெழுத்துப் போட்டார்கள்.

மிசிசிப்பி, அலபாமா, டென்னசி மாநிலங்களில் சில மாவட்டங்களின் லைன்களைக் கம்பெனிகள் டி.வி.ஏ.வுக்கு விற்க வேண்டும். அதற்கு மாற்றாக, டி.வி.ஏ. புதிதாகக் கட்டிவந்த நோரிஸ் அணை மின்சாரம் தரத் தொடங்கி மூன்று மாதம் வரை இருவரும் ஒருவர் எல்லைக்குள் ஒருவர் நுழையக் கூடாது. போர் ஓயவில்லை, ஒத்திப்போடப்பட்டது. ஆனாலும் டி.வி.ஏ.வுக்குச் சொந்தமாகக் கம்பி கிடைத்துவிட்டது.

பிப்ரவரி 7. மிசிசிப்பியின் டூப்பலோ. எல்விஸ் பிரெஸ்லியின் ஊர் என்று இன்று உலகம் அறியும். அன்று பருத்திச் சந்தை ஊர். டி.வி.ஏ. மின்சாரம் பெற்ற முதல் நகரம் அதுதான். அந்தப் பெருமையை ஊர் நடுவே பெயர்ப்பலகையாக எழுதி வைத்திருக்கிறார்கள்.

கட்டணச் சீட்டைப் பாருங்கள். முதல் 50 யூனிட்டுக்கு 3 சென்ட் வீதம். அடுத்த 150-க்கு 2 சென்ட். அடுத்த 200-க்கு 1 சென்ட். அதற்கு மேல் அரை சென்ட்டுக்கும் குறைவு. 100 யூனிட் எரித்த வீட்டுக்கு பில் இரண்டரை டாலர். நாட்டுச் சராசரியில் அதே நூறுக்கு ஐந்தரை டாலர்.

நம் ஊர் ஈ.பி. கார்டைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு இது தலைகீழாகத் தெரியும். இங்கே யூனிட் ஏற ஏற விலை ஏறும்; ஸ்லாப் தாண்டிவிடுமோ என்று மாத முடிவில் ஃபேனை நிறுத்துகிறவர்கள் நாம். அங்கே, எரி, இன்னும் எரி, எரிக்க எரிக்க மலிவு.

காரணம் இருக்கிறது. அணைக்குப் போட்ட காசு போட்டதுதான். வீட்டில் ஒரு பல்பு எரிந்தாலும் அடுப்பு, ஃபிரிட்ஜ், வெந்நீர்க் கொதிகலன் எல்லாம் ஓடினாலும் கம்பம் அதே கம்பம், மீட்டர் பார்க்கும் ஆள் அதே ஆள். விற்பனை பெருகினால் யூனிட்டுக்கான அடக்கவிலை சரியும். கம்பெனிகள் முதலில் தேவை வரட்டும், பிறகு விலையைக் குறைக்கலாம் என்றன. லிலியென்தால் முதலில் விலையைக் குறை, தேவை தானே வரும் என்றார். கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் அரசு மின்சாரம் இதைச் செய்து காட்டியிருந்தது. செனட்டில் நோரிஸ் வாய் ஓயாமல் சொல்லிக்கொண்டிருந்த உதாரணம் அது.

பல்பு மட்டும் வைத்திருக்கிற வீடு எத்தனை யூனிட் எரிக்கும்? அதற்கும் வழி செய்தார்கள். மலிவான ஃபிரிட்ஜ், அடுப்பு வாங்கத் தவணைக் கடன் கொடுக்கத் தனி நிறுவனமே தொடங்கினார்கள். அந்த ஆண்டு கோடையில் மிசிசிப்பியின் அல்கார்ன் மாவட்டத்தில், கொரிந்த் நகரமும் சுற்றுப் பண்ணைகளும் சேர்ந்து மின்சாரக் கூட்டுறவு ஒன்றை நடத்தத் தொடங்கின. நகரத்து லாபம் கிராமத்து லைனைத் தாங்கியது. கட்டுப்படியாகாது என்ற பல்லவிக்குக் கிடைத்த முதல் பதில்.

வேடிக்கை என்னவென்றால், வில்கியும் அதையே செய்தார். தன் கம்பெனிகளில் விலையைக் குறைத்தார், வீடு வீடாகச் சாதனங்களை விற்கச் சொன்னார், நுகர்வு எகிறியது. திட்டிக்கொண்டே கற்றுக்கொண்டார்.

*

ஆனால் ஒரு குற்றச்சாட்டு மட்டும் ஓயவில்லை. கணக்குப் புத்தகம் பற்றியது. நான் இங்கே கொஞ்சம் நின்றுதான் போக வேண்டும்.

கம்பெனிகள் நியாயமான விலை வாங்குகின்றனவா என்று அளந்து பார்க்க டி.வி.ஏ. ஒரு முழக்கோல் என்று ரூஸ்வெல்ட் சொல்லிவந்தார். ரப்பர் முழக்கோல் என்றது எதிர்த்தரப்பு. ஓர் அணை மூன்று வேலை செய்கிறது. வெள்ளத்தைத் தடுக்கிறது, படகு விடுகிறது, மின்சாரம் தருகிறது. கட்டிய செலவில் எவ்வளவு மின்சாரத்தின் தலையில்? வெள்ளத்தின் பேரில் கூடுதலாக எழுதிவிட்டால் மின்சாரம் தானாக மலிவாகிவிடாதா? வட்டி குறைந்த அரசுப் பணம் வேறு. வரி கிடையாது. வருமானத்தில் ஐந்து சதவீதம் டென்னசி, அலபாமா மாநிலங்களுக்கு என்ற ஏற்பாடு அதற்கு ஈடாகுமா?

இது நியாயமான கேள்வி என்றே எனக்குப் படுகிறது. ஒரே கான்கிரீட்டைத் துண்டு போட்டு, இது வெள்ளத்துக்கு, இது விளக்குக்கு என்று பிரிக்கும் கணிதம் எங்கும் இல்லை. பின்னாளில் நம் தாமோதர் பள்ளத்தாக்குக் கழகமும் இதே கணக்கில் முட்டிக்கொண்டது. அந்தக் கதை வரும்போது பார்ப்போம். முழக்கோல் துல்லியமானதல்ல. பிரம்பாக மட்டும் நன்றாக வேலை செய்தது. அக்கம்பக்கத்துக் கம்பெனிகளின் கட்டணம் இறங்கியதே போதுமான சாட்சி.

இரு தரப்புக் கணக்கிலும் ஏறாத செலவு ஒன்றும் உண்டு.

கிளின்ச் ஆற்றில் நோரிஸ் அணை எழும்பிக்கொண்டிருந்தது. 1933 அக்டோபரில் தொடங்கிய வேலை. 265 அடி உயரம். அதன் நீர்த்தேக்கத்துக்காக ஏறக்குறைய 2,900 குடும்பங்கள் வெளியேற வேண்டியிருந்தது. நிலத்துக்கு ஆணையம் ஒரு விலை சொல்லும். பேரம் கிடையாது. ஏற்றுக்கொள், இல்லாவிட்டால் நீதிமன்றம் போ. நிலம் வைத்திருந்தவனுக்கு அந்த விலையாவது கிடைத்தது. வாரத்துக்கு உழுதவனுக்கு விற்க எதுவும் இல்லை. லாய்ஸ்டன் என்ற ஊர் முழுதாகத் தண்ணீருக்குள் போனது. ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட கல்லறைகளைத் தோண்டி மேட்டு நிலத்துக்கு மாற்றினார்கள். அணைத் தொழிலாளருக்காகக் கட்டிய நோரிஸ் நகரம் மாதிரி ஊர் என்று உலகப் புகழ் பெற்றது. கறுப்பினத்தவருக்கு அங்கே வீடு இல்லை.

டூப்பலோவின் கட்டணச் சீட்டில் இதற்கெல்லாம் கட்டம் போடவில்லை.

*

1934 செப்டம்பரில் இடி வேறு பக்கத்திலிருந்து விழுந்தது.

அலபாமா பவர் கம்பெனியின் பங்குதாரர்கள் பதினான்கு பேர் வழக்குப் போட்டார்கள். யார் மீது? டி.வி.ஏ. மீதும் தங்கள் சொந்தக் கம்பெனி மீதும்! ஜனவரி 4 ஒப்பந்தமே செல்லாது. மின்சாரம் விற்கும் தொழிலை நடத்த அரசியலமைப்பு மத்திய அரசுக்கு அதிகாரம் தரவில்லை. அதிகாரம் இல்லாத ஒருவரோடு எங்கள் கம்பெனி எப்படி ஒப்பந்தம் போடலாம்? செலவுக்குப் பணம் மின்சார முதலாளிகளின் சங்கத்திலிருந்து வந்தது. ஆஷ்வாண்டர் வழக்கு என்று சட்டக் கல்லூரிகளில் இன்றும் படிக்கிறார்கள்.

1935 பிப்ரவரி. பர்மிங்காம் நீதிபதி கிரப், ஒப்பந்தத்தை ரத்து செய்தார். கோடையில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதைத் திருப்பிப் போட்டது. வழக்கு உச்ச நீதிமன்றம் போனது.

அந்த நாட்களின் உச்ச நீதிமன்றம் ரூஸ்வெல்ட்டின் திட்டங்களுக்கு வெட்டுமேடை. 1935 மே மாதம் தொழில் மீட்புச் சட்டம் போனது. 1936 ஜனவரியில் விவசாயச் சட்டம் போனது. அடுத்த தலை டி.வி.ஏ. என்று பத்திரிகைகள் எழுதின. கம்பெனிகள் காத்திருந்தன. ஆணையத்தின் ஊழியர்களும் காத்திருந்தார்கள்.

1936 பிப்ரவரி 17, திங்கட்கிழமை. தலைமை நீதிபதி ஹியூஸ் வாசித்தார்.

வில்சன் அணையை எதற்காகக் கட்டினார்கள்? 1916-ன் தேசப் பாதுகாப்புச் சட்டப்படி, போருக்காகவும் படகுப் போக்குவரத்துக்காகவும். இரண்டும் மத்திய அரசின் அதிகாரத்துக்குள் வருபவை. அணை சட்டப்படி சரி என்றால் அதில் விழும் தண்ணீரின் விசை அமெரிக்க மக்களின் சொத்து. தன் சொத்தை விற்க காங்கிரஸுக்கு உரிமை உண்டு. விற்க வேண்டுமென்றால் சந்தைக்குக் கொண்டுபோக வழி வேண்டும். ஆகவே கம்பி வாங்கலாம். ஒரே வாடிக்கையாளரிடம் அவர் சொன்ன விலைக்கு விற்றே தீர வேண்டும் என்ற கட்டாயம் அரசுக்கு இல்லை.

எட்டுக்கு ஒன்று. மெக்ரெனால்ட்ஸ் மட்டும் மறுத்தார். ஒப்பந்தம் செல்லும் என்பதில் எட்டுப் பேரும் ஒன்று. அரசியலமைப்புக் கேள்விக்குள் நுழைந்திருக்கவே கூடாது என்று நீதிபதி பிராண்டைஸும் வேறு மூவரும் தனியாக எழுதினார்கள்.

போருக்கென்று கட்டி, போருக்கு உதவாமல் போய், பதினைந்து ஆண்டுகளாக வீண் செலவு என்று ஏச்சு வாங்கிய அணை. அது போருக்காகக் கட்டப்பட்டது என்ற காரணமே ஆணையத்தைக் காப்பாற்றியது.

*

கொண்டாட்டம் நீடிக்கவில்லை. தீர்ப்பை இரண்டாம் முறை படித்தவர்கள் முகம் வாடியது. ஹியூஸ் பேசியது வில்சன் அணையைப் பற்றி மட்டும். நோரிஸ் அணையைப் பற்றி ஒரு சொல் இல்லை. அது அமைதிக் காலத்து அணை.

1936 மார்ச் 4. வெள்ளை மாளிகையிலிருந்து ரூஸ்வெல்ட் பொத்தானை அழுத்த, நோரிஸ் அணையின் கதவுகள் இறங்கின. கிளின்ச் ஆறு லாய்ஸ்டன் வீதிகளில் ஏறத் தொடங்கியது. அணை மின்சாரம் தந்த மூன்றாம் மாதம் வில்கியோடு போட்ட சமாதானம் காலாவதி. இம்முறை பங்குதாரர்களை முன்னே விடாமல் கம்பெனிகளே நேரடியாக வழக்குப் போடத் தயாராகிக்கொண்டிருந்தன.

அதைவிட அவசரமான தேதி ஒன்று இருந்தது. ஆணையத்தைத் தொடங்கியபோது மூன்று இயக்குநர்களுக்கும் ஒரே பதவிக்காலம் தரவில்லை. ஆர்தர் மார்கனுக்கு ஒன்பது ஆண்டு, ஹார்கோர்ட்டுக்கு ஆறு, லிலியென்தாலுக்கு மூன்றே மூன்று. அந்த மூன்று ஆண்டும் 1936 மே 18-ல் முடிகின்றன.

ஆர்தர் மார்கன் ரூஸ்வெல்ட்டைப் பார்த்தார். லிலியென்தாலை மறுபடி நியமிக்கக் கூடாது என்று வற்புறுத்தினார். கம்பெனிகளோடு வீணாகப் பகை வளர்க்கிறார், ஆணையத்தின் பெயரைக் கெடுக்கிறார் என்பது அவர் குறை. செனட்டர் நோரிஸோ லிலியென்தால் பக்கம். நவம்பரில் ஜனாதிபதித் தேர்தல்.

அணையைக் கட்டியவரா, கம்பியைப் பிடித்தவரா? ரூஸ்வெல்ட் யார் பக்கம் சாய்ந்தார்?

(தொடரும்)